மதுரைப் பக்கம் பேய்க்கதை தேடிப் போகிறீர்களா? கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஓர் ஆடி அமாவாசை இரவு பதினொன்றரை மணிக்கு நாங்கள் நான்கு பேர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊருக்கு வெளியே நின்றிருந்தோம். நால்வரும் கருப்பு உடை. முதுகில் கேமரா ஸ்டாண்டு வைத்த நீளப் பை. எதிரே அய்யனார் கோயில் தோப்பு, அதில் கழுத்து உடைந்த மண் குதிரைகள். வருடக் கணக்காகப் பார்க்க ஆசைப்பட்ட இடம். அரை மணி நேரத்தில் டார்ச்சும் கம்புமாக முப்பது பேர் எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள்.

பேயைப் பார்க்க வந்தோம் என்று சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லை. புதையல் தோண்ட, சிலை தூக்க, ஆடு பிடிக்க, அல்லது யாருக்கோ ஏவல் வைக்க வந்திருக்கிறோம் என்றுதான் பேச்சு போனது. ஸ்டாண்டு இருந்த பை கடப்பாரைப் பை மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. விடியும்வரை சாவடியில் உட்கார வைத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சாயங்காலம் வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேனே தம்பி, இப்படியா வர்றது?"

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு என் வழி மாறிவிட்டது. இன்று அதே தோப்பில் அவர் துணையோடு இரவு முழுக்க உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறேன். இருட்டு, பாழடைந்த கட்டடம், கல்லறை, முனி, பேய்க்கதை இவற்றில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், புதிதாக வேலைக்குப் போகிறவர்கள். நான் பட்ட பாட்டை அவர்கள் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

கதை கேட்கவா, படம் எடுக்கவா, "அங்கே ஏதோ இருக்கிறது" என்பதைச் சோதித்துப் பார்க்கவா? மூன்றும் வெவ்வேறு வேலை. கதைக்குப் பகலும் பொறுமையும் போதும். படத்துக்கு அனுமதி வேண்டும். சோதனைக்கு ஒரே இடத்துக்குக் குறைந்தது மூன்று முறை போக வேண்டும்.

மூன்றையும் ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒன்றையும் முடிக்காமல் திரும்புகிறார்கள். முதல் தடவை கதை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை யார் கேட்டாலும் அதே சொற்களில் சொல்லுங்கள். நாங்கள் மாட்டிய இரவில், துருவிக் கேட்டபோது நான்கு பேரும் நான்கு காரணம் சொன்னோம். சந்தேகம் அங்கேதான் முற்றியது.

2. இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான். யாருமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. பாழடைந்த பங்களாவுக்கும் பட்டாதாரர் இருப்பார். பெரும்பாலும் பாகப்பிரிவினைத் தகராறில்தான் அது பாழாகவே கிடக்கும்.

தனியார் வீடு, தோட்டம் என்றால் பக்கத்து வீட்டிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ புல எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், ஊர் தேர்ந்தெடுத்து, கைபேசிக்கு வரும் எண்ணைப் போட்டால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். கட்டணம் இல்லை. பட்டாவில் ஐந்தாறு பெயர்கள் இருந்தால் ஒருவரிடம் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். இன்னொரு பங்காளி வந்து நின்றால் உங்களை அவர்கள் வழக்குக்குள் இழுத்துவிடுவார். அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

கீழக்குயில்குடி சமணர் மலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற பெயர்களைக் கேட்டு, பேச்சி உலவும் இடம் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அங்கே இருப்பவை தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் இருக்கலாம். கையில் பிடித்துச் சாதாரணமாகப் படம் எடுப்பதில் தொல்லை இல்லை. ஸ்டாண்டு, விளக்கு, வேடம் போட்ட ஆள் என்று போனால் முன் அனுமதி தேவை. பாறையில் பெயர் எழுதினாலோ மெழுகுவத்தி உருக்கி வைத்தாலோ இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தி வெளிச்சம்தான் வேண்டும் என்றால் மலையடிவாரத்தில் தாமரைக் குளத்தின் கரையிலிருந்து எடுங்கள். மலை கருத்து, வானம் நீலமாக இருக்கும் அந்தக் கால் மணி நேரம் போதும்.

திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. இரண்டு தொல்லியல் துறைகளும் வேறு வேறு. ஒன்றுக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை நான் மற்றொன்றுக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தேன்.

கோயில் என்றால் அறநிலையத் துறையைச் சேர்ந்ததா, ஊர்க் கோயிலா, ஒரு குடும்பத்துப் பங்காளிகளின் குலசாமிக் கோயிலா என்று விசாரியுங்கள். கடைசி வகையில் பூசாரி தலையசைத்தால் மட்டும் போதாது. பங்காளிகளில் மூத்தவர் யாரோ அவரிடமும் கேட்க வேண்டும். கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. பெரிய கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அழகர் மலையின் மேல்பகுதி வனத்துறைக்கு உட்பட்டது. மாலையில் பாதையை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் குறுக்கு வழி தேடாதீர்கள். மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குழிகளுக்கும் இரவில் போகாதீர்கள். நிலா வெளிச்சத்தில் தண்ணீரும் பாறையும் ஒரே மாதிரித் தெரியும், ஆழம் பல பனை உயரம். அழகுக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம்.

3. கல்லறையும் மயானமும்: தனியாகச் சொல்ல வேண்டியது

நம்மில் பலருக்கு முதல் ஈர்ப்பே கல்லறைதான், எனக்கும் அப்படித்தான். ஆனால் பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே அடக்க இடத்துக்குள் அத்துமீறுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை. சுவரேறிக் குதித்து, கல்லறை மேல் படுத்துப் படம் எடுத்துவிட்டு "எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை" என்று சொன்னால் செத்தவரின் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள்.

கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் என்றால் பங்குத்தந்தையையோ போதகரையோ ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு நேரில் பாருங்கள். ஞாயிறு காலை அவர்களுக்கு வேலை அதிகம், அதனால் மாலை நான்கு மணிக்கு மேல் நல்லது. புதைத்து ஓராண்டு ஆகாத கல்லறைகளைப் படத்தில் சேர்ப்பதில்லை, பெயர்ப் பலகைகளை மங்கலாக்கிவிடுவேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். எனக்கு இரண்டு இடங்களில் இந்த வார்த்தைக்காகவே அனுமதி கிடைத்தது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வருடத்தில் ஒரு மாலை மட்டும்தான் போக முடியும் என்றால் இந்த மாலைக்குப் போங்கள். குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தியும் சம்பங்கியும் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இருட்டத் தொடங்கியதும் தோட்டம் முழுக்க சின்னச் சின்னச் சுடர்கள். குழந்தைகள் தாத்தா கல்லறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்பார்கள். அங்கே பயம் என்பதே இருக்காது. நான் போன முதல் வருடம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஓர் அம்மா, ஆள் வராத பக்கத்துக் கல்லறையைக் காட்டி, "இதுக்கும் ஒண்ணு பொருத்தி வைய்யா" என்று மெழுகுவத்தி கொடுத்தார்.

தத்தனேரி போன்ற மயானங்களில் எப்போதும் ஏதோ ஒரு குடும்பம் அழுதுகொண்டிருக்கும். நான் அங்கே படம் எடுப்பதில்லை. கதை கேட்க வேண்டுமானால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பிற்பகல் ஓய்வு நேரத்தில் பேசலாம். அவர்களைப் பழைய சாதிப் பெயரால் கூப்பிடாதீர்கள். அண்ணன், ஐயா என்று கூப்பிடுங்கள். இரவும் பகலும் அங்கேயே இருக்கிற அவர்களிடம் பேய்க்கதை குறைவு. மனிதர்களைப் பற்றிய கதைதான் அதிகம். அதைக் கேட்கும் பொறுமை இருந்தால் மட்டும் போங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

எல்லாம் தாளாகவே இருக்கட்டும். இரவில் கைபேசியைத் திறந்து காட்டினால் அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முதலாவது அனுமதிக் கடிதம். இட உரிமையாளரோ ஊர்த் தலைவரோ பங்குத்தந்தையோ கையெழுத்திட்டது. தேதி, நேரம், எத்தனை பேர், என்ன வேலை, எந்த வண்டி எண் எல்லாம் இருக்க வேண்டும். "இரவு" என்று மட்டும் எழுதாமல் "இரவு 9 முதல் 1 வரை" என்று எழுதி வாங்குங்கள். கடிதத்தை நீங்களே தமிழில் தட்டச்சு செய்து கொண்டுபோனால் கையெழுத்துக் கிடைப்பது சுலபம்.

இரண்டாவது, அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம். அனுமதி கேட்காதீர்கள், தகவல் என்றே எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் அரை மணியில் முடியும். சாயங்காலம் போனால் பந்தோபஸ்து, விபத்து என்று ஆள் இருக்க மாட்டார்கள். முத்திரை மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லோருடைய ஆதார் நகல், கல்லூரி அல்லது அலுவலக அடையாள அட்டை. பதினெட்டு வயது ஆகாதவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். பெற்றோர் கடிதம் இருந்தாலும் வேண்டாம்.

நான்காவது, கதை சொல்கிறவருக்கான ஒப்புதல் தாள். அரைப் பக்கம் போதும்: குரல் பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா, ஊர் பெயர் போடலாமா. மூன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வையுங்கள். பெரும்பாலானவர்கள் குரலுக்கு ஆம், பெயருக்கு இல்லை என்பார்கள். அதை அப்படியே மதியுங்கள்.

தொல்லியல் துறை அனுமதிக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். தேவாலயத்துக்கு ஒரு வாரம், ஊர்ப் பெரியவர்களுக்கு இரண்டு தடவை நேரில் போகும் நேரம்.

5. தேதி குறிப்பது

அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் தவிருங்கள் என்றால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த நாட்களில்தான் ஊர்க்காரர்களே கோயிலுக்கு வருவார்கள், சந்தேகமும் அப்போதுதான் அதிகம். அமாவாசைக்கு மூன்று நாள் முன்னோ பின்னோ போனால் அதே இருட்டு, ஆனால் கூட்டம் இல்லை.

ஊரில் காப்புக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் இரவில் வெளியூரில் தங்க மாட்டார்கள், வெளியாள் வந்து போவதும் பல ஊர்களில் பிடிக்காது. பங்குனி முதல் ஆடி வரை இந்தப் பக்கம் எங்காவது ஒரு ஊரில் திருவிழா நடந்துகொண்டே இருக்கும்.

மதுரையில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜூலையில் ஆறே முக்கால் நெருங்கும். எந்த மாதமானாலும் நாலரைக்கே இடத்தில் இருங்கள். கிணறு எங்கே, முள் எங்கே, ஓட வேண்டியிருந்தால் வழி எங்கே என்று வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். இடிந்த சுவர்களில் கட்டுவிரியன் இருக்கும். அது இரவில் உலவும், கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. கணுக்கால் மூடிய காலணி கட்டாயம். கடிபட்டால் வேப்பிலை, மந்திரம் என்று நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

6. உடை

கருப்பு நம் விருப்பம். அதை யாருக்காகவும் விட வேண்டாம். ஆனால் இங்கே கருப்புக்கு ஏற்கெனவே பொருள் உண்டு. கார்த்திகையிலும் மார்கழியிலும் கருப்பு உடுத்திப் போனால் மாலை போட்டவர் என்று நினைத்து "சாமி" என்பார்கள், உட்கார இடம் விடுவார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு கறிக்கடையில் உட்கார்ந்தால் பார்ப்பவர் மனம் கஷ்டப்படும். அந்த இரண்டு மாதமும் நான் அடர் சிவப்பு அல்லது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறேன்.

வெயிலுக்குத் தோல் உடையும் வெல்வெட்டும் ஒத்துவராது. கருப்புச் சுங்குடி வாங்குங்கள். கருப்பில் வெள்ளைப் புள்ளி சிதறிய மதுரைச் சுங்குடியை விட இரவை ஒத்த துணி வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. சேலையாக எடுத்து நீளமான அங்கியாகத் தைத்துக்கொள்ளலாம். முன்பு மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சாமி உடுப்புத் தைத்துப் பழகிய கை, ஜரிகை, குஞ்சம், சுருக்கு எல்லாம் கேட்டபடி வரும். சித்திரைத் திருவிழா நெருக்கத்தில் கொடுத்தால் ஒரு மாதம் ஆகும், மற்ற நாளில் ஒரு வாரம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கடைகளில் கருப்பசாமி வேடத்துக்கான சல்லடமும் கச்சையும் தொங்கும், பார்க்க அவ்வளவு அழகு. வாங்கி அணியாதீர்கள். அது நேர்த்திக்கடன் உள்ளவர் விரதம் இருந்து உடுத்துவது. வெள்ளை முகப்பூச்சும் இரவில் கிராமத்துப் பக்கம் வேண்டாம். தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரும் ஒருவர் திடீரென்று உங்களைப் பார்த்தால் அவர் நெஞ்சு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

7. கதை கேட்கும் விதம்

"இங்கே பேய் இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். கேள்வி அங்கேயே முடிந்துவிடும். "உச்சி வெயில்ல இந்தப் பக்கம் பிள்ளைகளை விடுவீங்களா?", "அந்தக் காலத்துல ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனா எந்த வழியா போவீங்க?" என்று கேளுங்கள். வழியைப் பற்றிப் பேசும்போது கதை தானாக வரும். முனி ஓட்டம் என்ற சொல்லும் அங்கேதான் வரும். முனி இரவில் நேர்கோட்டில் போகும் தடம், அதில் படுக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. ஒரு ஊரில் அந்தத் தடத்தைப் பெரியவர்கள் விரல் நீட்டிக் காட்டியபோது, புதுத் தெரு முழுவதும் அதை விலக்கியே வளைந்திருப்பதைப் பார்த்தேன்.

காத்துக் கருப்பு, முனி அடிச்சிருச்சு, கன்னி வந்திருக்கா என்று அவர்கள் சொல்லும் சொல்லையே நீங்களும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஆவி என்று ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். முனி வேறு, கன்னி வேறு. துர்மரணம் அடைந்தவர் வேறு, ஊரைக் காக்கும் கருப்பு வேறு. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனைப் பேய் வரிசையில் வைத்து எழுதிய ஒரு கட்டுரையைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அங்கே உருவமில்லை, சந்தனம் பூசிய கதவுகளையே கும்பிடுகிறார்கள். மலையாள நாட்டிலிருந்து அழகரின் ஆற்றலைக் கவர வந்த பதினெட்டு மந்திரவாதிகளைப் படிகளுக்கு அடியில் புதைத்ததாகக் கதை. அந்தக் கதவின் முன் பொய்ச்சத்தியம் செய்ய இன்றைக்கும் ஆட்கள் அஞ்சுவார்கள். நமக்குப் பிடித்த இருட்டு அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் அது அவர்களுக்குச் சாமி.

பல கதைகளின் அடியில் ஒரு கொலையோ தற்கொலையோ இருக்கும். செத்தவர் சாதி மாறிக் காதலித்தவராக இருப்பார். அந்த வீட்டார் அதே தெருவில் இருப்பார்கள். பெயர், வருடம், தெரு மூன்றையும் உங்கள் எழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கதை சொல்பவர் ஒரு சாதியைப் பற்றித் தாழ்வாகப் பேசினால் பதிவை நிறுத்துங்கள்.

இரவில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்கள், கத்த முடியவில்லை என்ற கதையை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். நம் பக்கம் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடல் அசையாதபடி மூளை தடுத்து வைத்திருக்கும். அந்தத் தடை விலகும் முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். சொல்பவரிடம் இதை முகத்துக்கு நேரே சொல்லி வாயடைக்க வேண்டாம். பயந்துபோன சின்னப் பையனாக இருந்தால் மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். அவனுக்கு அன்றிரவு தூக்கம் வரும்.

8. சோதனை செய்கிறவர்களுக்கு

கருவி வாங்கும் முன் அதே இடத்தில் ஒரு பகல் முழுக்க உட்காருங்கள். பேய் மீட்டர் என்று விற்பதெல்லாம் மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. சுவருக்குள் ஓடும் பழைய ஒயர், மின்மாற்றி, பக்கத்தில் இருப்பவர் கைபேசி, எதற்கும் முள் ஆடும். பகலில் அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். இரவில் எல்லோரும் கைபேசியை அணைத்துவிட்டு அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

படத்தில் வரும் வெள்ளை உருண்டைகள் லென்சுக்கு மிக அருகில் பறக்கும் தூசியில் பிளாஷ் பட்டுத் தெரிபவை. வைகைக் கரையில் மாசி, பங்குனி மாதங்களில் படத்துக்குப் பத்து வரும். பிளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்தால் மறைந்துவிடும்.

ஒலிப்பதிவின்போது நீங்கள் இருமினால், கால் மாற்றினால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது நான்." இல்லையென்றால் வீட்டில் கேட்கும்போது உங்கள் செருப்புச் சத்தமே உங்களைப் பயமுறுத்தும். கூகையின் அலறலையும் ஆள்காட்டிக் குருவியின் நள்ளிரவுக் கத்தலையும் முன்கூட்டியே கேட்டுப் பழகுங்கள். ஓட்டுக்கூரை மேல் நடக்கும் மரநாயின் காலடி மனிதக் காலடியாகவே கேட்கும்.

விசிறியையும் கவனியுங்கள். விக் டாண்டி என்ற இங்கிலாந்துப் பொறியாளர் தன் ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு அஞ்சி, காரணம் தேடி, புதிதாகப் பொருத்திய விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே என்று 1998இல் எழுதினார். காதுக்குக் கேட்காத ஒலி அது. எல்லா இடத்துக்கும் இதையே பதிலாகப் பொருத்த முடியாது. ஆனால் ஆலைக் கட்டடம், பம்புசெட் அறை என்றால் ஓடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

வலையங்குளம் பக்கம் ஒரு கதை கேட்டேன். அதிகாலை மூன்று மணிக்கு வயலில் தீப்பந்தம் மாதிரி வெளிச்சங்கள் தாழ்வாக அலையும், மல்லிகை வாசம் வரும், ஆள் தெரியாது. கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள் வெளியூர் லாரிக்காரர்கள். ஊர்ப் பெண்களிடம் கேட்டபோது, மொட்டு விரியும் முன் பூப்பறிக்கத் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான் என்று தெரிந்தது. அன்று நானும் அவர்களோடு பறித்தேன். எடுத்த படங்களிலேயே நான் அதிகம் நேசிப்பது அந்த இருட்டும் வெளிச்சமும்தான்.

எழுத்துப் பலகையில் விரல் வைத்து ஆவியிடம் கேள்வி கேட்கும் வீஜா பலகை, நாணயம் நகரும் விளையாட்டு எல்லாம் விடுதிகளில் நடக்கிறது. விளையாடுகிறவர்களின் கண்களைக் கட்டி, பலகையைத் திருப்பி வைத்துப் பாருங்கள், வார்த்தை வராது. விரல்கள் அறியாமலே தள்ளுகின்றன. பயந்த சுபாவம் உள்ளவர்களை இதில் சேர்க்காதீர்கள். ஒருவர் அழத் தொடங்கினால் விளக்கைப் போட்டுவிட்டு எல்லோருமாக வெளியே வந்து டீ குடியுங்கள்.

9. பேயோட்டும் இடங்கள்

மேலமடை பாண்டி கோயிலுக்குக் கும்பிடப் போங்கள், கிடா வெட்டுக்குக் கூப்பிட்டால் சாப்பிடப் போங்கள். தலைவிரித்து ஆடும் பெண்ணைப் படம் எடுக்க மட்டும் போகாதீர்கள். அவர் தன் வாழ்வின் மிக மோசமான நாளில் இருக்கிறார். அன்று எடுத்த படம் அவர் கல்யாணத்தையும் வேலையையும் துரத்தும்.

உங்கள் நண்பருக்கே குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று வாரக்கணக்கில் சொன்னால், கோயிலுக்குக் கூட்டிப் போனாலும் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, அங்கிருந்த நோயாளிகள் சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்காவது அப்படிக் கண்டால் கதைக்குக் குறிப்பெடுக்காமல் உடனே தகவல் கொடுங்கள்.

10. செலவு

நான்கு பேர் சேர்ந்து ஒரு இடத்துக்கு மூன்று தடவை போய் வர எங்களுக்கு ஆனது ஆறாயிரம் ரூபாய் சுமார். அதில் பாதிக்கு மேல் வண்டி வாடகை. ராத்திரி பத்துக்கு மேல் பல ஊர்களில் பஸ் கிடையாது, ஆட்டோக்காரர் காத்திருக்கவும் பணம் கேட்பார். பேசியதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகல், தபால் எல்லாம் இருநூறு. நல்ல தலைவிளக்கு இரண்டு, எண்ணூறு. மின்காந்த மீட்டர் இரண்டாயிரத்தை ஒட்டி. அதை முதல் வருடம் வாங்கவே வேண்டாம்.

ஊர்ப் பெரியவருக்குப் பணம் நீட்டாதீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், கோயில் விளக்குக்கு ஒரு லிட்டர் எண்ணெய் போதும். "முனியைக் கண்ணில் காட்டுகிறேன், ஐயாயிரம் கொடு" என்று யாராவது வந்தால் அந்த ஊரை விட்டே திரும்பிவிடுங்கள். அப்படி ஒருவரிடம் நாங்கள் மூவாயிரம் இழந்திருக்கிறோம்.

11. திரும்பிப் போங்கள்

படம் எடுத்த ஒரு மாதத்துக்குள் நல்ல அளவில் அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒரு படத்துக்கு முப்பது, நாற்பது ரூபாய்தான். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். எடுத்துவிடச் சொன்ன வரியை அவர்கள் கண்முன்னே அடித்துவிடுங்கள்.

அந்த உசிலம்பட்டிப் பெரியவருக்கு உடைந்த குதிரையின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாசலுக்கு எடுத்துவந்து வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது எங்கய்யா நேர்ந்துவிட்ட புரவி" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கண்மாய்க் கரையில இன்னொண்ணு கிடக்கு, அதை யாருக்கும் காட்டினதில்ல, வா" என்று முன்னால் நடந்தார்.